காலியாக இருந்த ரோடு

கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்கள் கூட்டத்தை மட்டும் நடத்தியிருக்கலாம், தயிர்சாதமும் மாவடுவும் கொடுத்திருக்க வேண்டாம் என்று பிச்சைமுத்துவுக்குத் தோன்றியது. தோன்றும்போது இரண்டாவது பொட்டலமும் காலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்யாண மண்டபத்தின் மாடி, தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது என்று பேர், சத்தம்தான் இறங்கி வருகிறதே தவிர காற்று வருவதாகக் காணோம். கண் சொக்கியது. வரிசையில் முதல் ஆள் எழுந்து போனால் மற்றவர்கள் ஆளுக்கொரு நாற்காலி முன்னால் நகர வேண்டும். நகரும்போதெல்லாம் முந்தின ஆள் விட்டுப்போன சூடு வந்து ஒட்டிக்கொண்டது, அதுவே இன்னும் தூக்கத்தைக் கூட்டியது. ஹாலின் கோடியில் தரையில் விரித்துக் கிடந்தது மேப். பிளக்ஸில் அடித்தது. மாப்பிள்ளை பொண்ணு படம் போட்டு மண்டபத்து வாசலில் கட்டுவார்களே, அதைவிடப் பெரிசு. அவருடைய வார்டு முழுக்கத் தெருத் தெருவாக அதில் மல்லாந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நடந்துபோய்ப் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு என்றால் பொம்பளைகள் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டேதான். கூட்டம் நடத்துகிற ஆஃப்ரின் என்கிற பெண், ஊர் அமைப்புப் படிப்பு படித்துவிட்டு வந்தவள், கலர் ஸ்டிக்கர் கொண்டுவர மறந்துவிட்டாளாம். காலையில் பெண்களுக்கு நடந்த கூட்டத்தில் யாரோ, இதுக்கா இவ்வளவு விசாரம், பொட்டு வாங்கிட்டு வாங்க என்று சொல்லி ஃபேன்சி ஸ்டோருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நடக்கப் பயமாக இருக்கிற இடத்தில் சிவப்பு. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும் என்று எந்த ரோட்டை விட்டுவிடலாமோ அதில் பச்சை. பிச்சைமுத்துவின் ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பும் நடுவிரல் நுனியில் பச்சையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஐம்பத்து நாலு வயசு ஆம்பளை, மீசையை நீவக்கூட வழியில்லாமல், கையைக் கச்சேரிக்காரர் மாதிரி தூக்கிப் பிடித்தபடி.

பச்சையை எங்கே ஒட்டுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. கடைவீதி. வந்த வேலையே அது. பச்சைக்கு இருப்பதே இரண்டு ரோடு, ஒன்று கடைவீதி, இன்னொன்று வாய்க்கால் கரை, எதில் பச்சை அதிகமோ அதை வண்டி போகாத பாதையாக ஆக்கச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதப் போகிறார்கள். இரண்டு பக்கமும் மரம், உட்கார பெஞ்சு, சைக்கிளுக்குத் தனித் தடம் என்று ஆஃப்ரின் படம் போட்டுக் காட்டினாள், படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நடந்தார்கள், ஒருத்தருக்கும் வேர்க்கவில்லை. நல்லா இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. கடைவீதியில் நல்லா இருக்கட்டும். வாய்க்கால் கரையில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஏனென்றால் அவருடைய முத்து டிரைவிங் ஸ்கூல் ஓடுவது அந்தக் கரையில். திருச்சியில் வேறு எங்கே போவது? வண்டி இல்லாத, ஆள் இல்லாத, நேராகப் போய் மெதுவாக ஒரு வளைவு வளைகிற ரோடு இன்னொன்று காட்டுங்கள் பார்ப்போம். முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனுக்குக் கை வெடவெட என்று ஆடும், அவனை பஸ் போகிற ரோட்டில் விட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவான், திரும்ப வரமாட்டான். கரையில் விட்டால் புங்கமர நிழலில் வண்டி அதுபாட்டுக்கு உருளும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதீங்க, கிளச்சை மெல்ல விடுங்க, நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க. இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வதாகப் பெண்டாட்டி வனரோஜா சொல்வாள். கரை போனால் ஸ்கூல் போச்சு. அதனால்தான் நேற்றே ரயில்வேயில் ரிட்டயரான சவரிமுத்து சார் வீட்டுக்குப் போய், சார் நீங்களும் கடைவீதிக்கே போட்டுருங்க, உங்க மருமகளே என்கிட்டதானே கத்துக்கிச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். சவரிமுத்து சார் இப்போது முன் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பொட்டு இரண்டும் சட்டைப் பாக்கெட்டில் ஒட்டியிருந்தன.

ஒரு நாற்காலி நகர்ந்தது. முன்னால் ஆள் நகர்ந்ததும் பிச்சைமுத்துவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அந்தக் கால் அப்படித்தான். ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, இத்தனை வருஷமாக அதன்மேலேயே இருந்து இருந்து, பஸ்ஸில் உட்கார்ந்தாலும், டிவியில் வண்டி போனாலும், பந்தியில் எதிர் இலைக்குப் பரிமாறுகிறவன் சாம்பார் வாளியை வேகமாகச் சாய்த்தாலும் அழுத்தும். வனரோஜாவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோதும் இந்தக் கால்தான் கெடுத்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீங்க, எனக்கு மட்டும் என்னவாம் என்று ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தாள். வண்டி நகரும், இவர் அழுத்துவார், நிற்கும். மறுபடி நகரும், மறுபடி. ஊரார் பெண்டாட்டி என்றால் வராத பயம் தன் பெண்டாட்டி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் எங்கிருந்துதான் வருமோ. கடைசியில் அவள் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, நீங்க காலை எடுக்கவே மாட்டேங்கறீங்க என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அப்புறம் அவள் வேலை பார்க்கும் அங்கன்வாடியை ஊருக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள், ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போய்ப் போய் அலுத்து, ஒருநாள் பழைய சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். யாரிடம் கத்துக்கிட்டே? யாரிடமும் இல்ல, பள்ளிக்கூட கிரவுண்டில் நானே. முழங்காலில் இரண்டு பக்கமும் சிராய்ப்பு, மூஞ்சியில் அப்படி ஒரு சந்தோஷம். டிரைவிங் ஸ்கூல்காரன் பொண்டாட்டி சைக்கிளில் போறா என்று ஊர் சிரிக்குமே என்று இவர் சொன்னார். சிரிக்கட்டுமே, பல் இருக்கிறவங்க சிரிக்கிறாங்க என்றாள் அவள்.

ஊர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சைக்கிளில் கிளம்பினதிலிருந்து பிடித்துக்கொண்ட இந்தப் பயம் அதைவிட மோசம். அவள் ஏன் கடைவீதி வழியாகப் போகிறாள்? இதுதான் இப்போதும் வந்து மாட்டிக்கொண்டது, பனியன் நூல் ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுக்க இழுக்க நீளுகிறது. அங்கன்வாடிக்கு இரண்டு வழி. கரை வழியாகப் போனால் நிழல், கூட்டம் கிடையாது, ஒரு வளைவு, பாலம், முடிந்தது. கடைவீதி வழியாகப் போனால் பஸ், லாரி, ரோட்டிலேயே நிறுத்தின கார், காரின் கதவு, ஐயோ அந்தக் கதவு, எவனாவது பின்னால் பார்க்காமல் திறந்தான் என்றால், அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பாளா, செருகாமல் விட்டால் சக்கரத்தில், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், அவள் ஒதுங்குவாள், ஒதுங்க எங்கே இடம், சாக்கடை மூடி திறந்து கிடக்கும், கால் அழுத்தியது, தரைதான், பிரேக் இல்லை. அவள் கிளம்பிப் போய்ச் சேர்ந்து போன் பண்ணும் வரைக்கும் தினமும் இப்படித்தான். பக்கத்தில் எவனோ ஒருத்தனுக்கு கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார், மனசு மட்டும் கடைவீதியில் அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுப் பார்த்துவிட்டார். கரையோரமாப் போயேன் ரோஜா, என்ன தலையெழுத்து உனக்கு? போற வழியில காய் வாங்கிக்கலாம்ல என்றாள். காலையில் அவள் காய் வாங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. இன்னொரு நாள் கேட்டதற்கு, எனக்கு அதான் தோதுப்படுது, விடுங்களேன் என்றாள். தோதாம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் என்ன தோது? கடைவீதியில் பாதை வந்துவிட்டால் இந்தத் தொல்லையும் தீரும், பஸ்ஸை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், அவள் சைக்கிளில் ராணி மாதிரி போகலாம், கரையும் தனக்கு மிஞ்சும். பச்சை கடைவீதிக்குத்தான். அடேயப்பா, ஒரே பொட்டில் இரண்டு காரியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார், மெச்சிக்கொண்டே கண் மூடிப்போனது.

மூடினதும் மேப் எழுந்து வந்தது. எழுந்து வந்ததா, இவர் இறங்கிப் போனாரா தெரியவில்லை, வெறுங்காலோடு அதன்மேல் நடந்துகொண்டிருந்தார், காலுக்குக் கீழே பிளக்ஸ் குளுகுளு என்று இருந்தது. நீலமாக அச்சடித்திருந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கரையில் புங்கம்பூ உதிர்ந்து ரோடு முழுக்கப் பொரி இறைத்த மாதிரி கிடந்தது. ஆளே இல்லை. எவ்வளவு நல்ல ரோடு, பாரேன், ஆளே இல்லை. இப்படியொரு ரோட்டை இந்த ஊர் எனக்காகவே வைத்திருக்கிறது என்று கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு நெகிழ்ச்சி. முன்னால் ஆள் இருந்தார்கள். ஆமாம், இருந்தார்கள், இப்போது ஞாபகம் வருகிறது, ஸ்கூல் ஆரம்பித்த புதிதில் கரையோரம் ஆள் நடமாட்டம் இருந்தது. மப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு தாத்தா காலையில் நடப்பார். பூக்கட்டுகிற பொம்பளைகள் நாலைந்து பேர் மரத்தடியில் கூடை வைத்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். கல்லூரிப் பெண்கள் புத்தகத்தை மார்பில் அணைத்துக்கொண்டு சேர்ந்து போவார்கள். இவர் வண்டி வந்தால் எல்லோரும் மரத்தோடு மரமாக ஒதுங்கி நிற்பார்கள். நம்ம ஏரியா ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை, சொல்லிக்கொடுக்கிற வண்டி என்றால் எப்படி வழி விடுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வனரோஜா கேட்டுக்கொண்டே இட்லி வைத்தாள். அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள்? தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார், வயசு. பூக்காரர்கள்? பெண்கள்? எப்போது காலியானது இந்த ரோடு? கனவில் இதைக் கேட்டதும் எங்கேயோ வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் பெல் ஒன்று கேட்டது, கிணிங், கிணிங், வருகிறாள், வருகிறாள் என்று நின்று பார்த்தார், பெல் சத்தம்தான் வந்தது, அவள் வரவில்லை.

“அங்கிள், உங்க முறை.”

எதிரே ஆஃப்ரின் நின்றாள். சவரிமுத்து சார் எப்போது எழுந்துபோய் ஒட்டினார் என்றே தெரியவில்லை, சுவரோரம் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், இரண்டு விரலிலும் பொட்டு பத்திரமாக இருந்தது. மேப்பின் மேல் கால் வைத்தபோது கனவில் இருந்த குளிர்ச்சி இல்லை, நூறு பேர் நடந்த கதகதப்பு. முதலில் கடைவீதியைத் தேடிப் போனார். அங்கே பச்சையும் சிவப்பும் கலந்து கிடந்தன, சரிதான். குனிந்து பச்சையை வைக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று கரைப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு. ஒன்று இரண்டு இல்லை, கரை ரோட்டின் இந்த முனையிலிருந்து பாலம் வரைக்கும் நெருக்கி நெருக்கி ஒரே சிவப்பு, அச்சடித்த ரோடே தெரியவில்லை, சில இடத்தில் பொட்டின் மேலேயே பொட்டு. சின்னது, பெரிசு, நீளப் பொட்டு, கல் வைத்த பொட்டு. என்னடா இது. ஆளே போகாத ரோட்டில் யாருக்குப் பயம்? தண்ணீருக்குப் பயப்படுகிறார்களா? பாம்பு கீம்பு கண்டார்களா? அரசமரத்தில் பேய் இருக்கிறது என்று எவளாவது கிளப்பிவிட்டாளா? அங்கே அரசமரமும் இல்லையே.

“ஏம்மா, இது என்ன, பிள்ளைங்க எதுவும் வெளையாடிருச்சா? இது காலியான ரோடுல்ல?”

“எல்லாரும் அதான் அங்கிள் சொல்றாங்க, காலியான ரோடுன்னு. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்” என்று அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் கண்ணிலும் தூக்கம் இருந்தது, காலையிலிருந்து நிற்கிறாள், பாவம். “காலைல லேடீஸ் வந்தப்பதான் தெரிஞ்சுது. ஒரு அங்கன்வாடி டீச்சர் சைக்கிள்ல வந்தாங்க. அவங்கதான் இங்க மொதப் பொட்டு வச்சாங்க. அவங்க வச்சதப் பாத்துட்டு எல்லாரும் வச்சாங்க. இந்த ரோட்டுல எப்பப் பாத்தாலும் எல் போர்டு காரு வருமாம் அங்கிள். அது எந்தப் பக்கம் திரும்பும்னு ஓட்டறவங்களுக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்னு சொன்னாங்க. எல்லாரும் ஒரே சிரிப்பு. ஒருத்தங்க மரத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குவாங்களாம். அதான் யாரும் அந்தப் பக்கமே போறதில்ல.”

பிச்சைமுத்துவுக்கு முதலில் காது அடைத்த மாதிரி இருந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. என் வண்டியா? என் வண்டியில் நான் இருக்கிறேனே, என்னிடம் பிரேக் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் ஒருத்தர் மேல் ஒரு கீறல் உண்டா என்று கேட்க வாய் வந்தது. கீறல் விழ ஆள் இருந்தால்தானே. அவரிடம் பிரேக் இருப்பது அவருக்குத் தெரியும், மரத்தோடு ஒட்டி நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? மரியாதை என்று நினைத்தோமே. அட பாவி, மரியாதை என்று நினைத்து வீட்டில் வேறு போய்ச் சொன்னோமே. உள்ளே உட்கார்ந்து பயப்படாதீங்க பயப்படாதீங்க என்று ஒருத்தருக்குச் சொல்லிச் சொல்லி வெளியே ஒரு ஊரையே பயமுறுத்தி விரட்டியிருக்கிறோம். பஸ்ஸும் லாரியும் பரவாயில்லை, அவன் நேராகப் போவான் என்றாவது தெரியும் என்று அவள் கடைவீதிக்குப் போயிருக்கிறாள். தினமும். இவர் கரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஏன் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறாள் என்று கவலைப்பட்டுக்கொண்டு. நினைக்க நினைக்க வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“அந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்ட அவங்க சொல்லலாம்ல?” என்று கேட்டார்.

“நானும் அதான் அங்கிள் கேட்டேன். வேணாம்மா, அவரு நல்ல மனுஷன், தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாரு, பொழப்பு வேறன்னு சொன்னாங்க. பச்சைப் பொட்டுகூட அவங்க இங்க வைக்கல. கடைவீதிலதான் வச்சுட்டுப் போனாங்க.”

அவர் அப்படியே மேப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆஃப்ரின் பதறி, “அங்கிள், தண்ணி வேணுமா?” என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்டினார், ஆட்டின கையில் இரண்டு பொட்டு. கடைவீதிக்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், இவருக்காக. பஸ்ஸுக்கு நடுவில் போய்க்கொள்கிறேன், உங்க ரோடு உங்களுக்கே இருக்கட்டும் என்று. அது இன்னும் மோசமாக வலித்தது. கரையை விட்டால் எங்கே போவது? மில் கிரவுண்டு? அங்கே பசங்க கிரிக்கெட். ரிங் ரோடு பக்கம் லேஅவுட் போட்டுக் கிடக்கிறதே, தூரம், அவ்வளவு தூரத்துக்கு யார் வருவார்கள், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், பாதி நின்றால் வண்டிக்கு டியூ, சரி, அது அப்புறம். அப்புறம் அப்புறம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் நின்றது, கடைவீதியில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போகிற ஒருத்தி.

சிவப்பைக் கொண்டுபோய்க் கடைவீதியில், பஸ் திரும்புகிற முக்கில் ஒட்டினார். ஒட்டினவர்களிடம் காரணம் கேட்டு எழுதுவது வழக்கம் போலிருக்கிறது, ஆஃப்ரின் பேனாவை எடுத்து, “இங்க என்ன பயம் அங்கிள்?” என்றாள்.

“எம் பொண்டாட்டி தெனம் இதுலதாம்மா சைக்கிள்ல போறா.”

அப்புறம் முட்டி போட்டபடியே கரைக்கு நகர்ந்தார். சிவப்புக்கு நடுவில் பச்சை வைக்க இடமே இல்லை, ஓரமாக வைத்து நகத்தால் அழுத்தித் தேய்த்தார், மறுபடி உரித்து எடுத்துவிடத் தோன்றினால் என்ன செய்வது என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தார். எதிரே சவரிமுத்து சார், ஒரு காலில் செருப்போடு, “என்ன முத்து, தூக்கக் கலக்கமா? மாத்தி ஒட்டுற. கடைவீதின்னு நீதானப்பா சொன்ன, நான் அங்க போட்டுட்டேனே!” என்று கத்தினார்.

“தெரிஞ்சுதான் சார் ஒட்டுறேன்.”

“இதுக்குக் காரணம், அங்கிள்?” என்றாள் ஆஃப்ரின்.

“அந்த டிரைவிங் ஸ்கூல்காரன் நான்தாம்மா” என்றார். அவள் பேனா நின்றது. இவர் எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

கீழே வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. மண்டபத்துக்காரர்கள் சமையல் அண்டாவைக் கழுவிக் கொண்டிருந்தார்கள். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, தூங்கியிருப்பாள், வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தாள்.

“ரோஜா, நாளைக்குக் கரையோரமாப் போ.”

“வண்டி வருமே” என்றாள்.

“வராது. நான் அங்க வரல இனிமே.”

“யாரு சொன்னா உங்ககிட்ட?”

“யாரும் சொல்லல. மேப்புல பாத்தேன்.”

“ஐயோ” என்றாள் அவள். அப்புறம், “அப்ப எங்க போயிச் சொல்லிக் குடுப்பீங்க?”

“தெரியல.”

“தெரியலன்னா? பொழப்புக்கு என்னங்க பண்றது?”

“தெரியல ரோஜா. பாப்போம்.”

அண்டாவுக்குள் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். குரலைத் தாழ்த்தி, தன் அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், “பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றார் பிச்சைமுத்து.